வஹாக்காவில் ஒரு பகல்: சாக்லேட் அரைத்துவிட்டு இரவு பஸ் ஏறுபவருக்கான முழு வழிகாட்டி

மெக்சிகோவின் தெற்கில் இருக்கும் வஹாக்கா நகரத்தில், சோகாலோ என்கிற நடுச்சதுக்கத்திலிருந்து தெற்கே சில தெருக்கள் நடந்தால் மீனா தெரு வரும். தெருமுனை தெரியும் முன்பே வாசனை வந்துவிடும். வறுத்த கோகோவும் பட்டையும் கலந்த வாசனை. கடைக்குள் எட்டிப் பார்த்தால் நமக்குப் பழகிய காட்சிதான். சுவரோரம் வரிசையாக அரவை இயந்திரங்கள், கையில் வாளியும் டப்பாவுமாகக் காத்திருக்கும் பெண்கள், எடை போட்டுக் கொட்டும் பையன். அப்படியே நம் ஊர் மாவு மில். மிளகாயும் மல்லியும் கொண்டுபோய் "கொஞ்சம் நைசா அரைச்சுக் கொடுங்க" என்று நாம் சொல்வது போல, அங்கே கரைத்துக் குடிக்கும் சாக்லேட்டுக்காகக் கோகோ, சர்க்கரை, பாதாம், பட்டை நான்கையும் தங்கள் வீட்டு அளவில் எடை போட்டு அரைத்து வாங்கிப் போகிறார்கள். சாம்பார் பொடி மாதிரிதான். ஒரு வீட்டுச் சாக்லேட் அடுத்த வீட்டுச் சாக்லேட் மாதிரி இருக்காது.

உங்களுக்கு அந்த ஊரில் ஒரு முழுப் பகல் இருக்கிறது, அன்று இரவே சியாபாஸ் மாநிலத்துச் சான் கிறிஸ்டோபலுக்குப் பஸ் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகலை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் இதை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை நேராக மில்லுக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட கேள்வி எதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. எவ்வளவு சர்க்கரை, பாதாம் வேண்டுமா, எந்தக் கோகோ? எல்லாவற்றுக்கும் தலையாட்டி, திகட்டத் திகட்ட இனிப்பாக ஒரு விழுதை வாங்கி, அது சூடு ஆறும் முன்பே டப்பாவில் அடைத்துப் பையில் வைத்தேன். விடிந்து திறந்தபோது டப்பாவின் வடிவத்திலேயே ஒரு கல். உள்மூடியில் வியர்த்த நீர், மேலே வெள்ளைத் திட்டுகள். கத்தி இறங்கவில்லை.

இரண்டாம் முறை காலையில் ஒரு வீட்டில் உட்கார்ந்து கையால் அரைத்துவிட்டு, மத்தியானம் மில்லுக்குப் போனேன். அந்த வரிசைதான் சரி. கையால் அரைத்துச் சுவைத்த பிறகுதான் மில்லில் என்ன கேட்க வேண்டும் என்று நமக்கே தெரிகிறது.

முந்தின நாளே முடித்து வைக்க வேண்டியது

பஸ் டிக்கெட்டை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். முதல் வகுப்பு பஸ் நிலையம் ஊரின் வடகிழக்கில், ஹலாட்லாக்கோ என்கிற பழைய குடியிருப்பை ஒட்டி இருக்கிறது. சோகாலோவிலிருந்து நடந்தே போகலாம். ஏடிஓ நிறுவனத்தின் பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. சான் கிறிஸ்டோபலுக்குச் சுமார் பத்து மணி நேரம் ஆகும், அதிகமாகவும் ஆகலாம். வஹாக்கா 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பஸ் அங்கிருந்து மலைகளைக் கடந்து கடலோரச் சமவெளிக்கு இறங்கி, மறுபடி 2,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. வளைவுகளில் வயிறு புரளும் ஆளாக இருந்தால் முன்பக்க இருக்கையாகப் பார்த்து எடுங்கள். கழிப்பறை பின்னால் இருக்கும். கடைசி இரண்டு வரிசையை விட்டுவிடுவது நல்லது.

அப்புறம், கையால் அரைக்கக் கற்றுத்தரும் வகுப்பு. நகரத்திலும் சுற்றியுள்ள சபோடெக் என்கிற பழங்குடி மக்களின் கிராமங்களிலும் பெண்கள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே நடத்துகிறார்கள். தங்கும் விடுதியில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பதிவு செய்யும்போது ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: வறுப்பதிலிருந்து தொடங்குவோமா? சில வகுப்புகளில் வறுத்து உரித்த பருப்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பாதிப் பாடம் வறுப்பதில்தான் இருக்கிறது, அதனால் அந்த வகுப்பு வேண்டாம்.

விடுதியில் காலையிலேயே அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாலையில் ஒரு குளியலுக்கு இடம் கிடைக்குமா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோகோ கொழுப்பும் புகையும் படிந்த உடம்போடு பத்து மணி நேரம் உட்கார முடியாது. வெளிர் நிறச் சட்டையும் வேண்டாம். கோகோ கறை லேசில் போகாது.

காலை 8 மணி: விதை பொறுக்குவது

வஹாக்காவில் சாக்லேட் இவ்வளவு பிரபலமாக இருந்தாலும் கோகோ மரம் அந்தப் பள்ளத்தாக்கில் வளர்வதில்லை. அது வெப்பமும் ஈரமும் கேட்கிற மரம். விதைகள் பெரும்பாலும் சியாபாஸ், டபாஸ்கோ மாநிலங்களிலிருந்து வருகின்றன. இரவு பஸ் உங்களைக் கொண்டுபோகும் சியாபாஸேதான்.

சந்தையில் இரண்டு வகை விதை கிடைக்கும். ஒன்று புளிக்க வைத்துக் காயவைத்தது. இன்னொன்று புளிக்க வைக்காமல் கழுவிக் காயவைத்தது. இதற்கு 'லவாடோ' என்று பெயர். ஒரு விதையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நன்றாகப் புளித்தது உள்ளே பழுப்பாக, விரிசல் விட்டு இருக்கும். புளிக்காதது ஊதாவாகவோ சாம்பல் நிறமாகவோ கெட்டியாக இருக்கும், துவர்க்கும். குடிக்கும் சாக்லேட்டுக்கு இரண்டையும் பயன்படுத்துகிறார்கள். முதல் முறை செய்பவர் புளித்ததை எடுத்துக்கொண்டால் மணம் கூடுதலாகக் கிடைக்கும்.

ஒருவர் கையால் அரைக்க 250 கிராம் போதும். அதற்கு மேல் எடுத்தால் தோள் தாங்காது. தட்டில் பரப்பி, சுருங்கினது, ஒட்டிப் பிறந்தது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். அரிசியில் கல் பொறுக்குகிற அதே வேலை, அதே பொறுமை. இந்த விதைகள் ஒரு காலத்தில் இங்கே சில்லறைக் காசாகவும் புழங்கின. 1545இல் மத்திய மெக்சிகோவின் ட்லாஷ்காலாவில் எழுதப்பட்ட ஒரு விலைப் பட்டியலில், ஒரு பெரிய தக்காளிக்கு ஒரு விதை என்று இருக்கிறது. நல்ல பெட்டை வான்கோழிக்கு 100 முழு விதை, சுருங்கின விதையானால் 120. சுருங்கினதை ஒதுக்கும்போது எனக்கு அந்தக் கணக்குதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இதே மாதிரி யாரோ ஒருவர் தட்டில் பரப்பிப் பொறுக்கிக்கொண்டு இருந்திருப்பார்.

வறுப்பது: அவசரப்படக் கூடாத இடம்

கோமால் என்பது மண் தோசைக்கல். விறகடுப்பில் அதை வைத்து, மிதமான தீயில் விதையைப் போட்டு, மரக்கரண்டியால் விடாமல் கிளற வேண்டும். ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவிந்தால் அடியில் கருகி மேலே பச்சையாக இருக்கும்.

வாசனையைக் கவனித்துக்கொண்டே இருந்தால் கடிகாரம் தேவையில்லை. முதல் சில நிமிடம் காடி மாதிரி ஒரு புளிப்பு வாசனை மூக்கில் ஏறும். விதை புளித்தபோது உண்டான அமிலம் வெளியேறுகிறது. அது அடங்கிய பிறகு ரொட்டி சுடுகிற மாதிரி ஒரு மணம். அப்புறம் 'டப், டப்' என்று ஒன்றிரண்டு விதை வெடிக்கும். அப்போது ஒரு விதையை எடுத்து விரலால் நசுக்குங்கள். தோல் மொறுமொறுவென்று தனியே கழன்று, உள்ளே பருப்பு உடைந்தால் பதம். தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். எனக்கு மொத்தம் இருபது நிமிடம் ஆயிற்று. தீயைப் பொறுத்து உங்களுக்குக் கூடலாம், குறையலாம்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். அவர் அடுப்பைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று "யா, மீஹா" என்றார். 'போதும், மகளே' என்று அர்த்தம். இறக்கி ஒன்றை உரித்துப் பார்த்தேன், சரியான பதம். முப்பது வினாடி தாமதித்திருந்தால் கசப்பு ஏறியிருக்கும் என்று சொன்னார்.

வறுத்ததை உடனே வேறு தட்டுக்கு மாற்றுங்கள். கோமாலிலேயே விட்டால் அதன் சூட்டில் மேலும் வறுபடும். பாதாமையும் பட்டையையும் அந்த மீதிச் சூட்டில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும்.

உரித்துப் புடைப்பது

கை பொறுக்கும் சூட்டில் உரியுங்கள். முழுக்க ஆறினால் தோல் மறுபடி பிடித்துக்கொள்ளும். விரல் நுனி கறுத்து, நகத்தடியில் நுழைந்து வலிக்கும். பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தால் வேகமாகப் போகும் வேலை.

உரித்தபின் தட்டைத் தூக்கிப் போட்டு ஊதித் தோலைப் பறக்க விடுகிறார்கள். முறம் பிடித்துப் பழகிய தமிழ்நாட்டுக்காரர் இங்கே கொஞ்சம் தலை நிமிர்ந்து நிற்கலாம். என் அம்மா புடைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் மணிக்கட்டு தானாக வந்தது. கற்றுக்கொடுத்த அம்மா தட்டை என் கையிலேயே விட்டுவிட்டார். 250 கிராம் விதையில் ஏறக்குறைய 200 கிராம் பருப்பு நிற்கும். தோலைக் கொட்டிவிட வேண்டாம். வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டினால் லேசான சாக்லேட் மணத்தோடு ஒரு கஷாயம் கிடைக்கும். பஸ் பயணத்துக்குக் கொஞ்சம் கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

மெட்டாடேயில் அரைப்பது

மெட்டாடே என்றால் மூன்று கால் வைத்த அம்மி. எரிமலைக் கல்லில் செதுக்கியது. நமக்கு எதிர்ப்பக்கம் சரிந்திருக்கும். குழவி நம் குழவியை விட நீளம். இரண்டு பக்கமும் கல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து அரைக்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் சபோடெக் ஊர்களில் கல்யாணப் பெண்ணுக்கு மெட்டாடே சீராகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. நம் கல்யாணத்தில் அம்மி மிதிப்பதை அந்த அம்மாவிடம் சைகையில் சொன்னேன். கல்லை மிதிப்பதா என்று முதலில் திகைத்தார். பிறகு சிரித்து என் தோளில் தட்டினார்.

சாக்லேட்டுக்கு மட்டும் ஒரு விசேஷம்: கல்லுக்கு அடியில் ஒரு சட்டியில் தணல் வைப்பார்கள். கோகோ பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அந்தக் கொழுப்பு நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே, சுமார் 34 டிகிரியில் உருகும். கல் வெதுவெதுப்பாக இருந்தால்தான் பருப்பு பொடியாக நிற்காமல் விழுதாக மாறும். உள்ளங்கையை வைத்தால் இதமாக இருக்கிற சூடு போதும். சுட்டால் தணலைக் குறையுங்கள்.

முதலில் பட்டையை மட்டும் பொடியாக்கிக்கொள்ளுங்கள். 200 கிராம் பருப்புக்கு விரல் நீளத் துண்டு ஒன்று, 5 கிராம் வரும். இங்கே 'கனேலா' என்று விற்பது நம் பிரியாணியில் போடும் தடித்த பட்டை கிடையாது. சுருட்டின காகிதம் மாதிரி பல அடுக்காக, கையால் நொறுக்கக்கூடிய இலங்கைப் பட்டை. இலங்கைப் பட்டையை உலகத்திலேயே அதிகமாக வாங்கும் நாடு மெக்சிகோதான். இலங்கையின் காலி ஊர்ப்பக்கம் உரித்த பட்டை வஹாக்காவில் அம்மியில் அரைபடுவதை யோசித்தால் எனக்கு மனது நிறைந்துவிடும்.

இப்போது ஒரு கைப்பிடிப் பருப்பு. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். குழவியை உருட்டக் கூடாது, தள்ள வேண்டும். தள்ளும் பலம் தோளிலிருந்து வந்தால் ஐந்து நிமிடத்தில் ஓய்ந்துவிடுவீர்கள். இடுப்பிலிருந்து வர வேண்டும். முதல் ஐந்து நிமிடம் காபித்தூள் மாதிரி இருக்கும். பிறகு ஈரமண் மாதிரி ஒட்டத் தொடங்கும். இதென்ன, ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றுகிற அந்த நேரத்தில்தான் ஓரத்தில் ஒரு பளபளப்பு தெரியும். கொழுப்பு கசிகிறது. அதற்குப் பிறகு நாலைந்து தள்ளலில் முழுதும் கறுத்துப் பளபளத்து, கல்லின் சரிவில் மெல்ல வழியத் தொடங்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் மழையில் நனைந்த கருங்கல் மாதிரி இருக்கும்.

தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. ஈரக்கை, கழுவிய கரண்டி, நெற்றி வியர்வை எதுவானாலும் சரி, பட்ட இடத்தில் விழுது திரண்டு களிமண்ணாகிவிடும். நாம் அம்மியில் தண்ணீர் தெளித்து அரைத்துப் பழகியவர்கள். கை தானாகக் கிண்ணத்தைத் தேடும். ஒரு உலர்ந்த துணியைப் பக்கத்தில் வைத்து அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள்.

பருப்பு முழுவதும் விழுதான பிறகு ஒரு கைப்பிடி பாதாமும் பட்டைப் பொடியும் சேர்த்து இன்னொரு முறை. கடைசியில் சர்க்கரை. சர்க்கரை விழுந்ததும் விழுது திடீரென்று இறுகும், பயப்பட வேண்டாம். தணல் சூட்டில் நாலு தள்ளல் தள்ளினால் மறுபடி இளகும்.

சர்க்கரையை மட்டும் மூன்று தவணையாகப் போடுங்கள். 200 கிராம் பருப்புக்கு முதலில் 80 கிராம். ஒரு துளி எடுத்து நாக்கில் வையுங்கள். பிறகு இன்னும் 60, மறுபடி ஒரு துளி. பிறகு 60. மூன்று துளியில் உங்கள் நாக்குக்கு எது பிடித்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் மில்லில் கேட்கப் போகிற கேள்விக்குப் பதில் அதுதான். எனக்கு இரண்டாவது துளியே போதுமாக இருந்தது, அதாவது பருப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு சர்க்கரை. பல வீடுகளில் கோகோவுக்கு இரண்டு பங்கு சர்க்கரை போடுகிறார்கள்.

பல்லில் சர்க்கரை நறநறக்கிறதே, சரியாக அரைபடவில்லையோ என்று நினைக்காதீர்கள். இந்தச் சாக்லேட்டின் குணமே அந்த நறநறப்பு. வழுவழுவென்று வாயில் கரையும் சாக்லேட், 1879இல் சுவிட்சர்லாந்தில் ரோடால்ஃப் லிண்ட் மணிக்கணக்காக அரைக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகு வந்தது. இது அதற்கு வெகு முந்தைய வழி. கடித்துத் தின்பதற்கு என்று இல்லாமல், கரைத்துக் குடிப்பதற்காகச் செய்தது.

நுரைக்கக் குடிப்பது

அரைத்ததும் ஒரு கோப்பை அங்கேயே குடித்துப் பார்க்க வேண்டும். ஒரு குவளை வெந்நீருக்கு எலுமிச்சை அளவு உருண்டை. பாலிலும் செய்யலாம். ஆனால் முதல் தடவை தண்ணீரிலேயே குடியுங்கள்; பால் சேர்ந்தால் கோகோவின் புளிப்பும் துவர்ப்பும் அமுங்கிவிடும்.

கடைவதற்கு மோலினியோ என்கிற மரக்கருவி இருக்கிறது. நம் மத்துதான், தண்டில் கழலாத மர வளையங்கள் கோத்திருக்கும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து வேகமாக உருட்டினால் நுரை பொங்கி வரும். நுரை இல்லாமல் பரிமாறுவதை இங்கே யாரும் மெச்ச மாட்டார்கள். மத்து ஸ்பானியர் காலத்தில் வந்த பழக்கம். அதற்கு முன்பு ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு உயரத்திலிருந்து ஊற்றி நுரை எழுப்பினார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கும் பழங்கால மாயா மக்களின் குவளை ஒன்றில் ஒரு பெண் அப்படி ஊற்றுவது வரையப்பட்டிருக்கிறது. வயது 1,200 ஆண்டுக்கு மேல். நான் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கி, எங்கள் பாட்டி காபி ஆற்றுவது போல ஆற்றிக் காட்டினேன். முற்றத்தில் இருந்த எல்லாரும் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள்.

கூடவே 'பான் டே யெமா' என்கிற முட்டை ரொட்டி கொடுப்பார்கள். பிய்த்து நனைத்துச் சாப்பிடுவது வழக்கம். இதற்கு மேல் அன்றைக்கு நிறையக் குடிக்க வேண்டாம். மாலை 5 மணிக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். கோகோவில் தியோப்ரோமினும் கொஞ்சம் காஃபீனும் இருக்கிறது, பஸ்ஸில் தூக்கம் வராது.

மத்தியானம்: மில்லில் என்ன கேட்பது

கையால் அரைத்தது ஒருவருக்கு ஒரு வாரத்துக்குக் காணும். ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் மில்தான். மீனா தெருவிலும் அதை ஒட்டிய 20 டி நோவியெம்ப்ரே தெருவிலும் மாயோர்டோமோ, லா சோலேடாட் போன்ற கடைகள் இருக்கின்றன. ஒரு மணிக்குள் போய்விடுங்கள். தாமதித்தால் விழுது இறுக நேரம் போதாது.

ஒரு கிலோ கோகோவும் அதற்கு ஏற்ற சர்க்கரையும் சேர்ந்தால் இரண்டு கிலோவை நெருங்கும். தனியாகப் போகிறவருக்கு அது சுமை. காலை வகுப்பில் கூட இருந்தவரோடு பங்கு போட்டுக்கொள்வது நல்ல வழி. நான் அப்படித்தான் செய்தேன்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "உன் கீலோ டே ககாவ்" என்றால் ஒரு கிலோ கோகோ. பிறகு சர்க்கரை, 'அசூகார்', இத்தனை கிராம் என்று விரலில் காட்டலாம். காலையில் குறித்து வைத்த கணக்கு இங்கே உதவும்; எங்களுக்கு 750 கிராம். பாதாம் 100 கிராம், பட்டை 25 கிராம். எல்லாவற்றையும் கண் முன்னால் எடை போடுவார்கள். கோகோ, பாதாம், பட்டை மூன்றும் முதல் இயந்திரத்தில் போகும். கூழாக வழிந்து வரும். அதைச் சர்க்கரையோடு கலந்து இரண்டாவது இயந்திரத்தில் விடுவார்கள். கையை நீட்டினால் ஒரு துளி வைப்பார்கள், கேட்கத் தயங்காதீர்கள். முன்னால் அரைத்தவரின் மிச்சம் முதலில் வரும். நம்முடையதும் கொஞ்சம் இயந்திரத்தில் நின்றுவிடும். மாவு மில்லில் பழகினவர்களுக்கு இது புதிதில்லை.

விழுது நல்ல சூட்டில் பிளாஸ்டிக் பையில் வரும். அந்தப் பையைக் கட்டி வைக்கக் கூடாது. நான் முதல் முறை செய்த தவறு அங்கேதான் தொடங்கியது.

வில்லை தட்டி ஆற வைப்பது

விடுதிக்கு வந்ததும் மேஜையில் மெழுகுத்தாளை விரியுங்கள். விழுது கையில் பிடிக்கும் பதத்துக்கு வரக் கால் மணி, அரை மணி ஆகும். பிறகு வடை தட்டுகிற மாதிரி, ஆனால் ஓட்டை இல்லாமல், கட்டைவிரல் கனத்துக்கு வில்லைகளாகத் தட்டுங்கள். ஒவ்வொன்றும் ஒரு குவளைக்கு ஆகிற 30 கிராம் இருந்தால் பிறகு அளக்க வேண்டாம். நடுவில் கத்தியால் ஒரு கோடு இழுத்துவிட்டால் உடைக்க எளிது.

நிழலான இடம், மின்விசிறிக் காற்று, நாலு மணி நேரம். இதற்குக் குறுக்குவழி கிடையாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சீக்கிரம் இறுகும் என்று தோன்றும். வெளியே எடுத்ததும் மேலே ஈரம் பூக்கும், சர்க்கரை கரைந்து பிசுபிசுக்கும், காய்ந்தால் வெள்ளை படியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது போகிறவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். இயற்கையாக ஆறினாலும் இரண்டு மூன்று நாளில் லேசாக வெளிறும். கொழுப்பு மேலே வந்து படிவது அது, பூஞ்சணம் இல்லை. குடிக்க ஒரு குறையும் வராது.

அந்த நாலு மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டு சந்தையைச் சுற்றலாம். சைவக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அவரையிலும், மக்காச்சோள மாவைப் பொதிந்து வேகவைக்கும் தமாலிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது இங்கே சாதாரணம். "சின் மான்தேக்கா", அதாவது பன்றிக்கொழுப்பு இல்லாமல் என்று கேளுங்கள். ட்லாயூடா என்கிற பெரிய மொறுமொறு ரொட்டியில் "சின் அசியேன்தோ" என்று சொல்ல வேண்டும்; அசியேன்தோ என்பது அதன்மேல் தடவும் பன்றிக்கொழுப்பு. மோலினியோ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மரம் வெடிக்காமல், வளையங்கள் தடையில்லாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். பக்கத்து ஊரான அட்சோம்பாவின் பச்சை மெருகு பூசிய மண்ஜாடிகள் கண்ணைப் பறிக்கும். பழைய முறை மெருகில் ஈயம் உண்டு. 'சின் ப்ளோமோ', அதாவது ஈயமில்லாதது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் குடிக்கப் பயன்படுத்துங்கள்.

கட்டுவதும் பஸ் ஏறுவதும்

வில்லையைத் தட்டினால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். மந்தமாக இருந்தால் உள்ளே இன்னும் இறுகவில்லை. ஒவ்வொன்றையும் தாளில் தனித்தனியே சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டியைத் துணிக்குள் வையுங்கள். காற்றுப் புகாத டப்பா வேண்டாம். இந்தியாவுக்குக் கொண்டுவருபவர்கள் வறுத்து அரைத்ததை மட்டும் எடுத்து வாருங்கள். பச்சை விதைகளுக்குத் தாவரத் தடுப்பு விதிகள் இருக்கின்றன.

பெட்டியை பஸ்ஸின் அடிப்பகுதியில் போடாதீர்கள். வழியில் தெவான்தெபெக் பூசந்தி இருக்கிறது. கடல்மட்டத்தை ஒட்டிய வெக்கையான சமவெளி. இரவிலும் சூடு தணியாது. அடியில் இயந்திரச் சூடும் சேரும், 34 டிகிரி என்பது சீக்கிரம் எட்டக்கூடிய எண். மேலே பயணிகள் பகுதியில் ஏசி நடுங்க வைக்கும். நமக்குத் துன்பம், சாக்லேட்டுக்குச் சொர்க்கம். மடியிலோ காலடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் போர்வை, காலுறை, காது மூடத் துணி அவசியம். பாஸ்போர்ட்டையும் நாட்டுக்குள் நுழைந்த அனுமதிச் சான்றையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தெற்கே போகும் பாதையில் நள்ளிரவில் பஸ்ஸை நிறுத்திக் குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பது உண்டு. சாக்லேட் பெட்டியைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டிவிடுங்கள். வாசனையே பதில் சொல்லிவிடும்.

விடிகாலையில் சியாபாஸ் தலைநகரான டூஸ்ட்லாவைத் தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கும்போது ஜன்னல் முழுக்கப் பனிமூட்டம். சான் கிறிஸ்டோபலில் இறங்கியதும் குளிர் எலும்பைத் தொடும். விடுதி அறை மத்தியானம்தான் கிடைக்கும் என்பார்கள். சமையலறையில் ஒரு பாத்திரம் மட்டும் கேளுங்கள். இரண்டு குவளை தண்ணீர் கொதித்ததும் இரண்டு வில்லையை உடைத்துப் போட்டு, முழுதும் கரையும் வரை சிறு தீயில் வையுங்கள். இறக்கி மோலினியோவை நட்டு, நுரை விளிம்பைத் தொடும் வரை கடையுங்கள். இரண்டாவது குவளை, பாத்திரம் கொடுத்தவருக்கு.